ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பச்சைகள்: அறைச் சுவருக்கு நிறம் தேர்வு செய்வோருக்கு ஓர் எளிய விளக்கம்

அறைக்குப் பச்சை அடிப்பது என்று முடிவான வீடுகளில், நீண்ட பேச்சுக்குப் பிறகு ஷேட் கார்டில் பெரும்பாலும் இரண்டு கட்டங்கள்தான் மிஞ்சுகின்றன. இரண்டும் வெளிர் பச்சை, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். “எதை அடித்தாலும் காய்ந்த பிறகு ஒன்றுதான்” என்பார் ஒருவர். “கம்ப்யூட்டரில் கலக்கித் தருகிறார்கள், அட்டையில் இருப்பது அப்படியே சுவரில் வரும்” என்பார் இன்னொருவர். “பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, அதில் தப்பே வராது” என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டுக்கு வீடு கேட்கக்கூடிய இந்த மூன்று கருத்துகளிலும் பிழை இருக்கிறது.

அந்தப் பிழைகளின் வேர் ஒன்றுதான். நிறம் என்பது டப்பாவுக்குள்ளேயே முழுமையாக முடிந்துவிட்ட பொருள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சுவரில் விழும் வெளிச்சம், சுவரின் பூச்சு, பார்க்கும் கண் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் நிறம் உருவாகிறது. ஆகவே இரண்டு பச்சைகளை ஒப்பிடுவது என்றால், உங்கள் அறையின் வெளிச்சத்தில் அவை ஒவ்வொன்றும் என்ன ஆகும் என்று ஒப்பிடுவதே ஆகும். இதைப் புரிந்துகொண்டவருக்குத் தேர்வு எளிது. புரியாமல் அடித்தவர், விலை உயர்ந்த பெயின்டை வாங்கியும், பல ஆண்டுகள் பிடிக்காத சுவரைப் பார்த்துக்கொண்டு வாழ நேரும்.

புடவையை வாசலுக்கு எடுத்துச் செல்வது ஏன்?

புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக் கடைக்குப் போகும் பெண்கள், புடவையைத் தேர்ந்தெடுத்த பிறகு அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் ஒருமுறை பிரித்துப் பார்ப்பதை எல்லோரும் கண்டிருப்போம். உள்ளே ராமர் பச்சையாகத் தெரிந்தது வாசலில் மயில் கழுத்தை நோக்கிச் சாய்கிறது. உள்ளே அச்சாகப் பொருந்திய பிளவுஸ் துணி, வெயிலில் பார்த்தால் வேறு பச்சையாக விலகி நிற்கிறது. துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை. மேலே விழுந்த வெளிச்சம் மட்டும் மாறியது.

சுவருக்கும் இதே விதிதான். ஆனால் புடவையை வாசலுக்குத் தூக்கிச் செல்லலாம், சுவரை எங்கும் தூக்கிச் செல்ல முடியாது. அந்த அறைக்குள் எந்த வெளிச்சம் வருகிறதோ, அந்த வெளிச்சத்தில்தான் அது வருடக்கணக்கில் தெரிந்தாக வேண்டும். இவ்வளவு நிதானமாகப் புடவை பார்க்கத் தெரிந்த நாம், அதைவிடப் பன்மடங்கு பரப்புள்ள சுவருக்கு மட்டும் கடையின் விளக்கொளியில் ஒரு விரல் அகல அட்டையைப் பார்த்து முடிவெடுத்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒரு வழக்கம்.

பச்சை எப்படிப் பச்சையாகிறது?

சூரிய ஒளியில் எல்லா நிற ஒளிகளும் கலந்திருக்கின்றன. ஒளி அலையாகப் பரவுகிறது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான தூரத்தை அலைநீளம் என்கிறோம். மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டரில் ஊதாவாகத் தொடங்கி, 700 நானோமீட்டரில் சிவப்பாக முடிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் நானோமீட்டர். பச்சை இந்த வரிசையின் நடுவில், ஏறத்தாழ 500 முதல் 565 வரை இருக்கிறது.

பச்சைப் பெயின்ட் எந்த ஒளியையும் தானாக உண்டாக்குவதில்லை. தன்மேல் விழும் ஒளியில் சிவப்புப் பகுதியையும் ஊதாப் பகுதியையும் ஓரளவு உறிஞ்சிக்கொண்டு, நடுப்பகுதியை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. இந்த உறிஞ்சும் வேலையைச் செய்யும் நுண்துகளுக்கு நிறமி என்று பெயர். இன்றைய பச்சைப் பெயின்டுகள் பலவற்றில் தாலோசயனின் பச்சை என்ற செம்புச் சேர்மம் இருக்கிறது. அது சற்று நீலம் கலந்த, மிக வீரியமான பச்சை. அதோடு இரும்பு ஆக்சைடால் ஆன மஞ்சள் நிறமியையும் துளி கறுப்பையும் வெவ்வேறு அளவில் வெள்ளைப் பேஸில், அதாவது நிறம் சேர்க்காத அடிப்படைப் பெயின்டில் சேர்த்தால், கிளிப்பச்சையிலிருந்து பாசிப்பச்சை வரை எத்தனையோ பச்சைகள் பிறக்கின்றன.

கண்ணின் பங்கு அடுத்தது. நம் விழித்திரையில் நிறம் அறியும் செல்கள் மூன்று வகை. ஒருவகை நீலப் பகுதிக்கும், மற்ற இரண்டும் பச்சையிலிருந்து மஞ்சள், சிவப்பு வரையிலான பகுதிக்கும் அதிகமாகத் துடிக்கின்றன. சுவரிலிருந்து எத்தனை விதமான அலைநீளங்கள் கலந்து வந்தாலும், மூளைக்குப் போய்ச் சேருவது இந்த மூன்று வகைச் செல்களின் துடிப்பு அளவுகள் மட்டுமே. ஆகவே வெவ்வேறு நிறமிகளால் ஆன இரண்டு பச்சைகள், ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் ஒரே மூன்று அளவுகளைத் தந்துவிட்டால், கண் அவை இரண்டையும் ஒன்று என்றே சொல்லும். வெளிச்சம் மாறியதும் அளவுகள் பிரிந்துவிடும், அப்போது நிறங்களும் பிரிந்து தெரியும். இந்த நிகழ்வுக்கு மெட்டாமெரிசம் என்று பெயர். புடவைக்கும் பிளவுஸுக்கும் நடந்தது அதுதான். ஒரு நிறுவனத்தின் ஷேட் கார்டில் பிடித்த பச்சையை இன்னொரு நிறுவனத்தின் பேஸில் கலக்கித் தரச் சொல்லும்போது நடப்பதும் பெரும்பாலும் அதுதான். கடையில் சரியாக இருக்கும், வீட்டில் இராது.

கண்ணைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே திருத்திவிடலாம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு மிக அதிகப் பிரகாசமாகத் தெரியும் ஒளி ஏறத்தாழ 555 நானோமீட்டர், அதாவது மஞ்சள் சாய்ந்த பச்சை. இந்த உண்மையிலிருந்து, “பச்சைகளுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் கண் மிக நுட்பமாக அறியும்” என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பிரகாசமாகத் தெரிவது வேறு, பிரித்தறிவது வேறு. அலைநீளத்தின் சிறு மாற்றத்தைக் கண் மிக நுட்பமாகக் கண்டுபிடிப்பது நீலப்பச்சைப் பகுதியிலும் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியிலுமே. நடுப் பச்சையில் அந்த நுட்பம் சற்றுக் குறைவு. இரண்டு பச்சைகளுக்கு இடையில் நாம் இவ்வளவு தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதும் கணக்கில் வரும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளாகி, நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. ஆகவே தாத்தா “இது வெறும் பச்சை” என்பதும், பேத்தி “இதில் நீலம் இருக்கிறதே” என்பதும் அவரவர் கண்ணுக்கு உண்மையே. யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால், பெயின்ட் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சி மீதியைத் திருப்புகிறது. கண் அதை மூன்று அளவுகளாகச் சுருக்குகிறது. வெளிச்சம் மாறினால் அந்த அளவுகளும் மாறுகின்றன.

இரண்டு பச்சைகள் எதில் வேறுபடுகின்றன?

ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பச்சைகளை வெள்ளைத் தாளின் மேல் ஒட்டிவைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால், வேறுபாடு மூன்று இடங்களில் இருப்பது தெரியும்.

முதலாவது அடிச்சாயல். பச்சை என்று ஒரே சொல்லில் அழைத்தாலும், அதனடியில் எந்த நிறம் ஒளிந்திருக்கிறது என்பதையே அடிச்சாயல் என்கிறோம். நீலம் ஒளிந்திருந்தால் கடல்நீரை நோக்கியும், மஞ்சள் ஒளிந்திருந்தால் வாழைக்குருத்தை நோக்கியும், சாம்பல் ஒளிந்திருந்தால் வேப்பிலையின் அடிப்பக்கத்தை நோக்கியும் அந்தப் பச்சை சாயும். வெளிர் நிறங்களில் அடிச்சாயலைக் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு ஓர் எளிய வழி, ஷேட் கார்டின் அதே பட்டையில் கீழே இருக்கும் அடர்ந்த கட்டத்தைப் பார்ப்பது. பெரும்பாலான பட்டைகளில் மேலிருந்து கீழாக ஒரே குடும்பத்து நிறம்தான் அடர்ந்துகொண்டே போகும். மேலே கூச்சத்துடன் ஒளிந்திருந்த நீலமோ மஞ்சளோ கீழே வெளிப்படையாகத் தெரிந்துவிடும். ஒருசிலர் இதைக் கடையிலேயே பார்த்துவிடுகிறார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது. ஷேட் கார்டுகள் சிலவற்றில் ஒவ்வொரு நிறத்தின் பின்னாலும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்தப் பூச்சின் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பதே அந்த எண். முழுக் கறுப்புக்கு 0, ஒளி முழுவதையும் திருப்பும் கற்பனை வெள்ளைக்கு 100. நல்ல வெள்ளைச் சுவர் 85ஐ ஒட்டி இருக்கும், அடர்ந்த பச்சை 10ஐ ஒட்டியும் இருக்கலாம். இரண்டு பச்சைகளில் ஒன்றுக்கு 62, மற்றொன்றுக்கு 54 என்றிருந்தால், அட்டையில் அந்த வேறுபாடு அற்பமாகத் தெரியும். ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் அது வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் உள்ள வேறுபாடாகிவிடும்.

மூன்றாவது செறிவு, அதாவது அந்தப் பச்சை சாம்பலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் எது சற்று மங்கலோ அது சுவரில் பெரும்பாலும் தாராளமாகவே பச்சையாக இருக்கும். காரணம் அடுத்து வரும் பகுதியில் தெரியும்.

ஒரு சுவரின் ஒளி மறு சுவரில்

அட்டையில் பார்த்த நிறம் சுவரில் அதிகமாகத் தெரிகிறது என்ற புகார் எல்லா ஊர்களிலும் உண்டு. கடைக்காரர் தவறாகக் கலக்கிவிட்டார் என்று பலர் எண்ணுகிறார்கள். கலவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; அறை என்ற அமைப்பே நிறத்தைக் கூட்டுகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்க முடியும் என்றால், இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்வேன்.

ஜன்னலிலிருந்து வரும் ஒளி ஒரு சுவரில் பட்டு, அங்கிருந்து எதிர்ச் சுவருக்குப் போகிறது, அங்கிருந்து மீண்டும் திரும்புகிறது. நாம் பார்க்கும் ஒளியில் ஒரு பங்கு இப்படி இரண்டு மூன்று முறை சுவரில் பட்ட ஒளி. எடுத்துக்காட்டாக, முதல் பச்சை தன்மேல் விழும் பச்சை ஒளியில் 100க்கு 70ஐயும் சிவப்பு ஒளியில் 100க்கு 50ஐயும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை பட்டபின் 70க்கு 50 என்றிருந்த கணக்கு, இரண்டாம் முறை பட்டதும் 49க்கு 25 ஆகிறது. முதலில் சிவப்பைவிடப் பச்சை ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே கூடுதலாக இருந்தது. இப்போது ஏறத்தாழ இரு மடங்கு. நிறமி ஒரு துளிகூடக் கூடவில்லை, நிறம் மட்டும் கூடிவிட்டது.

இப்போது இரண்டாம் பச்சையைப் பார்ப்போம். அது பச்சை ஒளியில் அதே 70ஐயும் சிவப்பில் 55ஐயும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இரண்டு பச்சைகளுக்கும் உள்ள வேறுபாடு சிவப்பில் 50க்கும் 55க்கும் இடையில் உள்ளது, அதாவது பத்தில் ஒரு பங்கு. இரண்டு முறை சுவரில் பட்டபின் அது 25க்கும் ஏறத்தாழ 30க்கும் இடையிலான வேறுபாடாகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. “எதை அடித்தாலும் ஒன்றுதான்” என்ற கருத்து பொய்யாவது இந்த இடத்தில்தான். அட்டையில் கண்ணுக்குச் சிக்காத வேறுபாட்டை, நான்கு சுவர்களும் சேர்ந்து பெருக்கிக் காட்டுகின்றன.

நான்கு சுவர்களுக்கும் ஒரே பச்சை அடிக்கும் சிறிய அறையில் இந்தப் பெருக்கம் அதிகம். ஒரு சுவருக்கு மட்டும் பச்சையும் மற்ற மூன்றுக்கும் வெள்ளையும் அடித்தால் குறைவு. ஆகவே நான்கு சுவர்களுக்கும் அடிப்பவர், அட்டையில் சற்றுச் சாதுவாகத் தெரியும் பச்சையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

சுருக்கமாக, அடிச்சாயல், எல்.ஆர்.வி., செறிவு ஆகிய மூன்றிலும் உள்ள சிறு வேறுபாடுகள், ஒளி சுவர்களுக்கிடையே பட்டுப் பட்டுத் திரும்பும்போது பெரிதாகின்றன.

நம் ஊரின் பகல் வெளிச்சம்

அறையின் திசைக்கேற்ற நிறத்தைப் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. “வடக்குப் பார்த்த அறையில் வெயிலே விழாது, எப்போதும் நீலச் சாயலான குளிர்ந்த வெளிச்சமே இருக்கும், அங்கே நீலப்பச்சை அடிக்காதீர்கள்” என்பது அவற்றில் ஒன்று. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் நான்காம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை, நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியே சாய்ந்த வெயில் உள்ளேயே வரும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், தெற்கு ஜன்னல்தான் வெயிலை அறைக்குள் ஆழமாகக் கொண்டுவரும். ஆகவே நம் ஊரில் வடக்கு அறையின் பச்சை மே மாதத்தில் ஒன்றாகவும் டிசம்பரில் வேறொன்றாகவும் தெரியும். வெளிநாட்டு அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்குத் தவறிவிடும்.

வெளிச்சத்தின் சாயலை அளக்க நிற வெப்பநிலை என்ற அளவு இருக்கிறது, கெல்வின் என்ற அலகில் அதைச் சொல்வார்கள். எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சளை நோக்கியும், எண் கூடினால் நீலத்தை நோக்கியும் சாயும். சூரியன் எழும்போதும் மறையும்போதும் நேர்வெயில் 3000 கெல்வினுக்கும் கீழே இருக்கலாம், நண்பகல் வெயில் 5500ஐ ஒட்டி இருக்கும், மேகம் மூடிய வானம் 6500ஐ ஒட்டி இருக்கும், தெளிந்த நீலவானத்திலிருந்து மட்டும் வரும் ஒளி 10,000ஐயும் தாண்டும். கடற்கரையை நோக்கிய கிழக்கு அறையில், விடிந்த ஒரு மணி நேரம் மஞ்சள் வெயில் நேராகச் சுவரில் விழுகிறது; பிற்பகலில் அதே சுவருக்கு வானத்து நீலமே கிடைக்கிறது. மஞ்சள் அடிச்சாயலுள்ள பச்சை காலையில் கிளிப்பச்சையாகப் பளிச்சிட்டு, பிற்பகலில் அடங்கும். நீல அடிச்சாயலுள்ளது காலையில் நடுநிலையான பச்சையாகவும், பிற்பகலில் ஏறக்குறைய நீலமாகவும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் வெளிச்சமே குறைந்துவிடுவதால், சாம்பல் கலந்த பச்சைகளில் பச்சை கரைந்து சாம்பல் மேலோங்கும். வடகிழக்குப் பருவமழை நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீள்வதால், ஆண்டில் கால் பங்கு நாட்கள் அந்த வெளிச்சத்துக்கு உரியவை. கோடையில் தேர்ந்தெடுப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். ரோமன் ரோலன் வீதி போன்ற தெருக்களில், எதிர்வீட்டின் மஞ்சள் சுவரில் வெயில் பட்டு அந்த மஞ்சள் ஒளிதான் இந்த வீட்டு ஜன்னலுக்குள் வருகிறது. அங்கே நீல அடிச்சாயலுள்ள பச்சையும் மஞ்சளைப் பூசிக்கொண்டு நிற்கும். மஞ்சள் அடிச்சாயலுள்ளதோ இரட்டை மஞ்சளாகிவிடும். ஜன்னலை ஒட்டி வேப்பமரமோ தென்னையோ நின்றால், இலைகளில் பட்டு வரும் பச்சை ஒளி எந்தப் பச்சையையும் மேலும் பச்சையாக்கும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் உள்ள பழைய வரிசை வீடுகளில், நடு அறைக்கு இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரே இருப்பதால் நேர் வெளிச்சமே வராது. அந்த அறையின் பகல் வெளிச்சம் என்பது விளக்கு வெளிச்சம்தான்.

விளக்கு செய்யும் வேலை

இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் உண்மையில் ஒரு நீல எல்.இ.டி.யும், அதன்மேல் நீலத்தின் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றும் பூச்சும் இருக்கின்றன. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. ஆனால் சூரிய ஒளியைப் போல எல்லா அலைநீளங்களும் அதில் சீராக இருப்பதில்லை. 480 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சைப் பகுதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீல அடிச்சாயலுள்ள பச்சை எந்த ஒளியைத் திருப்பி அனுப்பித் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமோ, அந்த ஒளியே விளக்கில் குறைவு. பகலில் உயிரோடு இருந்த பச்சை இரவில் சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். மஞ்சள் அடிச்சாயலுள்ள பச்சைக்கு இந்தப் பாதிப்பு குறைவு.

விளக்குப் பெட்டியின் மேல் இரண்டு எண்களைப் பாருங்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருந்தால் அது மஞ்சள் வெளிச்சம், 6500 என்றிருந்தால் நீலச் சாயலுள்ள வெள்ளை. அடுத்தது சி.ஆர்.ஐ. எனப்படும் எண். அந்த விளக்கு பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 100க்கு இத்தனை என்று சொல்வது அது. சாதாரண விளக்குகள் 80ஐ ஒட்டி இருக்கும். 90க்கு மேல் உள்ளவை விலை சற்றுக் கூடுதல். நடு அறைக்குப் பச்சை அடிப்பவர்கள் விலை உயர்ந்த பெயின்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்த விளக்குக்குக் கொடுத்தால் பலன் அதிகம். விளக்கை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் இது எப்போதும் தலைகீழாகவே நடக்கிறது.

பக்கத்து நிறம் கண்ணை மாற்றும்

பாரிஸில் உள்ள கோபெலின் திரைச்சீலை நெசவாலையின் சாயப்பிரிவுக்கு 1824ஆம் ஆண்டு இயக்குநராக வந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை என்ற புகாரை அவர் ஆராய்ந்தபோது, சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவுமே கறுப்பைச் சோர்வாகக் காட்டுகின்றன என்று கண்டார். 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். அருகருகே இருக்கும் இரண்டு நிறங்கள், ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டைக் கண்ணுக்குக் கூட்டிக் காட்டும் இந்த இயல்புக்கு உடனிகழ் நிறமுரண் என்று பெயர்.

நம் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. சிவப்புக்கு எதிரான நிறம் பச்சை. சிவப்புத் தரைக்கு மேலே நிற்கும் பச்சைச் சுவர் கண்ணுக்கு மேலும் பச்சையாகத் தெரிகிறது. அதே நேரம் வெயில் அந்தத் தரையில் பட்டுச் சிவந்த ஒளியாகச் சுவரின் அடிப்பகுதியில் விழும்போது, அந்தச் சிவப்பைச் சுவர் உறிஞ்சிக்கொள்வதால் அங்கே பச்சை அழுக்குப் படிந்ததுபோல மங்குகிறது. ஒரே தரை, மேலே பச்சையைக் கூட்டி, கீழே குறைக்கிறது. ஜன்னல் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள சுவரைக் காலை வெயிலில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். வெள்ளை டைல்ஸ் போட்ட வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தரையே வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

இதே நிறமுரண், இரண்டு பச்சைகளை ஒப்பிடும் முறையிலும் நம்மை ஏமாற்றும். இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தால், சற்றே நீலமானது மிகவும் நீலமாகவும் சற்றே மஞ்சளானது மிகவும் மஞ்சளாகவும் தெரியும். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி. எது அறைக்குப் பொருந்தும் என்று முடிவெடுக்க அது தவறான வழி. சுவரில் ஒரு பச்சைதான் இருக்கப்போகிறது, மற்றொன்று பக்கத்தில் நிற்கப்போவதில்லை. ஆகவே முதலில் ஒட்டிவைத்து வேறுபாட்டை அறிந்துகொண்டு, பிறகு ஒன்றை எடுத்து மறைத்துவிட்டு, மற்றொன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஈரச் சுவரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து, காயக் காய வெளுக்கும். அவற்றில் கைபழகிய மூத்தவர்கள், “காய்ந்தால் இறங்கிவிடும், பயப்படாதீர்கள்” என்று சொல்வது அந்த அனுபவத்திலிருந்துதான். இன்றைய எமல்ஷன் பெயின்ட் பெரும்பாலும் இதற்கு எதிராக நடக்கும். ஈரத்தில் அதன் நுண்ணிய பிசின் துகள்கள் ஒளியைச் சிதறடித்துப் பால்போல வெளுப்பைக் கூட்டுகின்றன. காய்ந்ததும் அவை ஒன்றாக இணைந்து தெளிந்த படலமாகிவிடுவதால், அடியிலுள்ள நிறமி முழு அழுத்தத்துடன் தெரிகிறது. ஈரத்தில் பிடித்திருந்த பச்சை காய்ந்தபின் ஒருபடி அடர்ந்துவிடும். அட்டையோடு ஒப்பிடுவதானால் இரண்டு கோட் முடிந்து முழுமையாகக் காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பளபளப்பும் கவனத்துக்குரியது. பளபளப்பில்லாத மேட் பூச்சில் மேற்பரப்பே ஒளியைச் சிதறடிப்பதால் நிறம் சற்று வெளுப்பாகத் தெரியும். பளபளப்பான பூச்சில் அதே நிறம் ஆழமாகத் தெரியும். ஷேட் கார்டின் ஒரே நிற எண்ணை மேட்டில் ஒன்றும் பளபளப்பில் ஒன்றுமாக வாங்கி ஒப்பிட்டால், அது இரண்டு நிறங்களை ஒப்பிடுவதாகிவிடும்.

வீட்டில் ஒப்பிடும் முறை

இரண்டு பச்சைகளிலும் கிடைக்கும் மிகச் சிறிய டப்பாவை வாங்குங்கள். சுவரில் நேரடியாகத் தீற்றிப் பார்ப்பது நம் வழக்கம், ஆனால் பழைய நிறம் சுற்றிலும் தெரிவதால் நிறமுரண் கண்ணைக் கெடுக்கும். அதற்குப் பதில், இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவுள்ள பிளைவுட் பலகைகள் இரண்டுக்கு வெள்ளைப் பிரைமர் அடித்து, அதன்மேல் ஒவ்வொரு பச்சையையும் இரண்டு கோட் பூசி, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். சுவருக்கு எந்த உருளையால் அடிக்கப்போகிறார்களோ அதே வகை உருளையால் அடிப்பது நல்லது. தூரிகைக் கோடுகள் ஒளியை வேறுவிதமாகச் சிதறடிக்கும்.

பலகையைச் சுவரோடு ஒட்டி, சுவரைப் போலவே நேராக நிறுத்த வேண்டும். தரையில் படுக்கவைத்துப் பார்த்தால் கூரையின் ஒளி அதிகம் விழுந்து வெளுத்துத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னல் உள்ள சுவர், இருண்ட மூலை ஆகிய மூன்று இடங்களிலும் காலையிலும் நண்பகலிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அறைக்குள் சில நிமிடங்கள் இருந்துவிட்டுப் பார்ப்பது அவசியம். வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் கண் இன்னும் வெளி வெளிச்சத்துக்கே பழகியிருக்கும். அறையின் வெளிச்சத்துக்குக் கண் தன்னைச் சரிசெய்துகொண்ட பிறகு தெரிவதே நீங்கள் தினமும் பார்க்கப்போகும் நிறம். செல்போனில் படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதால் பயனில்லை. வெளிச்சத்தின் சாயலைச் செல்போன் தானாகவே திருத்திவிடுகிறது, ஒவ்வொரு திரையும் வேறு பச்சையைக் காட்டுகிறது.

எல்லா நேரத்திலும் அழகாகத் தெரியும் பச்சை என்று ஒன்று அநேகமாகக் கிடைக்காது. நீங்கள் அந்த அறையில் அதிகமாக இருக்கும் நேரத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையறை என்றால் விளக்கொளியும் அதிகாலையும்; படிப்பறை என்றால் பகல்; விருந்தினர் அமரும் முன்னறை என்றால் மாலை. இரண்டும் சமமாகத் தோன்றினால், நான் எல்.ஆர்.வி. கூடுதலாக உள்ளதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் மழைக்கால மங்கலில் அது கைகொடுக்கும்.

கலக்கி வாங்கும்போது

கடையிலுள்ள டின்டிங் மிஷின் நிறமிகளைக் கணக்காகச் சொட்டுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு சொட்டு கூடினால் ஏற்படும் மாற்றம், இருபது லிட்டர் வாளியில் ஏற்படுவதைவிட அதிகம். வீரியமான தாலோசயனின் பச்சையில் இது இன்னும் எளிதாகத் தெரியும். ஆகவே ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில், முடிந்தால் பெரிய டப்பாவாகவே வாங்குங்கள். பல டப்பாக்களாக வந்தால், அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலக்கச் சொல்லுங்கள். பாதிச் சுவரில் டப்பா தீர்ந்து புது டப்பா திறந்தால், அந்த இடத்தில் கோடு விழுந்ததுபோலத் தெரிய வாய்ப்பு உண்டு.

டப்பாவின் மூடியில் நிறத்தின் எண்ணும் பேஸின் பெயரும் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பளபளப்பு வகையையும் குறித்துவையுங்கள். மீந்த பெயின்டை ஒரு சிறிய டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்குப் பிறகு சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிவது வழக்கம். அப்போது ஒட்டுப்போட்டதுபோல நடுவில் மட்டும் பூசாமல், உப்பைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் பிரைமர் அடித்த பின், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சுவர் முழுவதற்கும் ஒரு கோட் அடிக்கச் சொல்லுங்கள். வெயிலும் விளக்கும் பட்டுப் பழகிய பழைய பச்சைக்கும் அதே எண்ணில் வந்த புதிய பச்சைக்கும் உள்ள வேறுபாடு, சுவர் திரும்பும் மூலையில் கண்ணுக்குத் தெரியாது.